சியரீஸ் மறைத்த நட்சத்திரம்

மார்ச் 3

அண்ணா,

நீ போனை எடுப்பதில்லை. அண்ணி எடுத்தால், "இப்பதான் கிளம்பினாங்க, கோதுமை கூட்ஸ் வண்டி" என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் நீ இப்போதுதான் கிளம்பியிருக்கிறாய். நாட்டில் அவ்வளவு கோதுமையா விளைகிறது? அதனால்தான் கடிதம். அண்ணி இதை உன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார், தப்பிக்க முடியாது.

விஷயம் பிப்ரவரி 11 மாலையைப் பற்றியது. சியரீஸ் குறுங்கோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போய், ஒரு நிமிஷம் அதை மறைத்தது. ஏழு ஊரில் ஏழு பேர் தொலைநோக்கியோடு காத்திருந்தீர்கள். ஐந்து பேருக்கு மேகம். மிச்சம் நீயும் அந்த மருந்துக்கடைக்காரரும்தான். உங்கள் இருவருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர். ஆனால் அந்தத் தூரத்தைக் கழித்துப் பார்த்தாலும், நட்சத்திரம் மறைந்ததும் திரும்ப வந்ததும் அவருக்கு உன்னைவிட ஆறு நொடி தாமதம். நிழல் நொடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு பேரும் சரி என்றால், சியரீஸ் என்பது நடுவில் அறுத்து, ஒரு பாதியைத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒட்டிய உருண்டையாக இருக்க வேண்டும். குறுங்கோள் என்று பட்டம் கொடுத்த ஒன்றுக்கு அப்படி ஒரு கோணல் இருக்காது. ஒருவர் தப்பு.

மருந்துக்கடைக்காரர் புதியவர். அவர் நேரம் நான் முன்கூட்டியே கணக்குப் போட்டு அனுப்பிய தாளோடு அரை நொடிகூடப் பிசகாமல் ஒத்துப்போகிறது. எனக்கு அதில்தான் சந்தேகம். நட்சத்திரத்தை விட்டுவிட்டுத் தாளைப் பார்த்துக் கடிகாரப் பொத்தானை அழுத்தியிருப்பார் என்று நினைத்து, "தாளைப் பார்த்தா அழுத்தினீங்க?" என்று கேட்டேவிட்டேன். "இல்லைங்க" என்று மட்டும் சொன்னார். அவருடையதைத் தள்ளிவிட்டு உன்னுடையதை வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆய்வு மையத் தலைவர் விடவில்லை. "தள்ளினது வெளியாள், வெச்சுக்கிட்டது உங்க அண்ணன். நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்கிறார். நீ எப்போதும் வானொலி நேர ஒலியோடு உன் குரலையும் டேப்பில் பதிவு செய்வாயே, அதை அனுப்பு. கட்டுரை இந்த மாதம் 30ஆம் தேதி போக வேண்டும். என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பதையும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

வெறும் சம்பிரதாயம்தான், அண்ணா. கோபப்படாதே.

தங்கை

*

மார்ச் 8

வாலு,

உன் கடிதம் தட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. படித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

டேப் இல்லை. அதன்மேல் வேறு எதையோ பதிவு செய்துவிட்டேன். போதுமா?

இருபத்திரண்டு வருஷமாக மொட்டை மாடியில் நின்று நேரம் குறித்து அனுப்புகிறேன். ஒரு தடவையாவது யாராவது டேப் கேட்டார்களா? நீ ஸ்டூல் மேல் ஏறித் தொலைநோக்கியில் கண் வைத்த காலத்தில், விழாமல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? உன் தலைவரா? சியரீஸை முதலில் பார்த்த மனிதர் சில வாரம் பார்த்துவிட்டு உடம்பு சரியில்லாமல் படுத்தார், அதற்குள் அது சூரிய வெளிச்சத்துக்குள் போய்த் தொலைந்தது, ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை, கடைசியில் ஒரு இளைஞர் உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டார், கணக்கு சொன்ன இடத்தில் அது இருந்தது என்று உனக்குச் சொன்னது யார்? அன்றைக்கு உனக்குப் பிடித்த கணக்குப் பைத்தியம்தான் இன்றைக்குச் சம்பளம் கொடுக்கிறது. அந்தப் பைத்தியத்தை வைத்து என்னையே சோதிக்கிறாய்.

ரோமானியர்களுக்கு அந்தச் சியரீஸ் அம்மாள் பயிர்த் தெய்வமாம். பேர்தான் அவளுக்கு, சுமை எனக்கு. வாரத்துக்கு மூன்று தடவை நாற்பத்திரண்டு பெட்டி கோதுமையைத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். வீட்டுக்கு வந்தால் முதுகு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதற்கு நடுவில் உங்களுக்கு ஓசியில் வானமும் பார்த்துத் தருகிறேன். வேண்டாம் என்றால் சொல், தொலைநோக்கிக்கு உறை போட்டு மூடிவிடுகிறேன்.

மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எண்ணிக் கொடுக்கட்டும். அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் போதும்.

இதைப் பற்றி இனி எழுதாதே.

அண்ணன்

*

மார்ச் 13

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

மருந்துக்கடைக்காரர் டேப் அனுப்பியிருக்கிறார். நான் கேட்கவே இல்லை. கடைப் பையில் சுற்றி, மேலே "தயவுசெய்து ஒரு முறை கேளுங்கள்" என்று எழுதி அனுப்பியிருந்தார். கேட்டேன். பின்னால் வானொலியின் டிக் டிக். அவர் மூச்சு வாங்குவது. பிறகு "போயிடுச்சு!" ஒரு நிமிஷம் கழித்து, "வந்துடுச்சு, வந்துடுச்சு!" இரண்டு தடவை. குழந்தை மாதிரிக் கத்துகிறார். தாளைப் பார்த்து அழுத்துகிற ஆள் அப்படிக் கத்த மாட்டார். அந்த மனிதரைப் பார்த்து நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று நினைத்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். உங்களுக்கெல்லாம் அந்த வாரத் திங்கட்கிழமை ஒரு தாள் அனுப்பினேன். அதில் நட்சத்திரத்தின் இடத்தை நான் தப்பாக எடுத்திருந்தேன். வியாழக்கிழமை திருத்தி மறுபடி அனுப்பினேன். இரண்டுக்கும் வித்தியாசம் ஆறு நொடி. நீ புதன்கிழமை வண்டி எடுத்தாய், தொடர்ந்து இரண்டு ஓட்டம் முடித்து வெள்ளி மதியம்தான் வீடு திரும்பினாய், அன்று மாலையே மாடி ஏறிவிட்டாய். திருத்திய தாளை நீ பார்த்திருக்க மாட்டாய்.

உன் நேரமும் திங்கட்கிழமைத் தாளின் நேரமும் பத்தில் ஒரு நொடி வரை ஒன்று. மறைந்ததும் ஒன்று, திரும்ப வந்ததும் ஒன்று. அந்த நேரத்தில் வானத்தில் எதுவுமே நடக்கவில்லை, அண்ணா. அது என் தப்பு. என் தப்பை நீ தொலைநோக்கியில் பார்த்ததாக எழுதியிருக்கிறாய்.

நீ கிண்டல் செய்த அந்த அம்மாளின் கதையில் ஒரு பகுதி உண்டு. அவள் மகளைப் பாதாளத்து ராஜா தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் தீவட்டியோடு ஊர் ஊராகத் தேடுகிறாள். வடக்கே அஸ்தமிக்காத நட்சத்திரங்களைக் கேட்கிறாள். அவை, "ராத்திரி நடந்திருந்தா நாங்க பார்த்திருப்போம். பகல்ல நடந்தது. சூரியனைக் கேளு" என்கின்றன. சூரியன் மழுப்பவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டான். அவளுக்கு அது பிடிக்காத செய்திதான், ஆனாலும் சொன்னான். பார்த்தவன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நீ என்ன பார்த்தாய்? திட்ட மாட்டேன். உண்மையை மட்டும் எழுது. அங்கே ஒரு விண்கலம் போய்க்கொண்டிருக்கிறது. சில வருஷத்தில் சேர்ந்து அதன் உருவத்தைப் படம் பிடித்து அனுப்பிவிடும். அன்றைக்கு எப்படியும் தெரியும். அதற்கு முன்னால் உன் வாயால் எனக்குத் தெரிய வேண்டும்.

தங்கை

*

மார்ச் 19

வாலு,

பார்த்தவன் சொல்ல வேண்டும். சரி. பார்க்காதவன் என்ன சொல்வான்?

ஏழு பத்துக்கே நட்சத்திரம் போய்விட்டது. உன் தாளில் இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது. மேகம் என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். துடைத்து வைத்த மாதிரி வானம். மறுபடி கண் வைத்தேன். நேரே பார்த்தால் இல்லை, பார்வையைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளினால் இருந்தது. அங்கே எதுவும் மறையவில்லை. மறைந்தது என் கண்ணில்.

ஆறு மாதமாக இப்படித்தான். வலது கண்ணில் நடுவில் மட்டும், விரல் வைத்து அழுக்கான கண்ணாடி மாதிரி. உன் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறது. இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. அண்ணியிடம் சொல்லவில்லை. நீதான் முதல் ஆள்.

அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? "பார்க்கவில்லை" என்று எழுதி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் வானொலி டிக் டிக் என்று எண்ணிக்கொண்டே இருந்தது, தாளில் நீ போட்ட நேரம் இருந்தது, கை பொத்தானில் இருந்தது. நீ கணக்குப் போட்டால் நட்சத்திரம் அந்த இடத்தில் மறையத்தான் செய்யும் என்று அழுத்திவிட்டேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. என் தங்கை கணக்கு தப்பாது என்றுதான் தோன்றியது.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். இன்ஜினில் இரண்டு பேர் இருக்கிறோம். சிக்னல் வந்தால் முதலில் பார்ப்பவர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவரும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பச்சை." "பச்சை." அதுதான் சட்டம். என்னோடு வரும் துணை ஓட்டுநர் அம்மா என்னைவிட மூன்று வயது மூத்தவர், பதினொரு வருஷமாக என்னோடு ஓடுகிறார், கழுகுக் கண். அவர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். பாதை எனக்கு மனப்பாடம். எங்கே வளைவு, எங்கே கேட், எங்கே எந்தக் கம்பத்தில் சிக்னல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒன்றும் ஆகாது.

மே மாதம் மருத்துவப் பரிசோதனை வருகிறது. அதில் தெரிந்தால் தெரியட்டும். இன்னும் ஒன்றரை மாதம்தான். முப்பது வருஷம் ஓட்டியவனை நடுவழியில் இறக்கிவிட்டார்கள் என்று பெயர் வாங்க எனக்கு இஷ்டம் இல்லை. அதுவரை வாயைத் திறக்காதே. என் நேரத்தைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடு, காரணம் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

உனக்கு என் மேல் கொஞ்சமாவது பாசம் இருந்தால்.

அண்ணன்

*

மார்ச் 22

அண்ணா,

உன் கடிதத்தை ஆபீஸில் நின்றுகொண்டே படித்தேன். பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கண்ணுக்காக அழுதேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ ஆறு மாதம் தனியாக இதை வைத்துக்கொண்டிருந்தாய் என்பதற்காகவும் அழுதேன். இனி வருவதை அழாமல் எழுதுகிறேன்.

நீ வண்டி ஓட்டக் கூடாது. ஒரு தடவைகூட. மே மாதம் வரை என்று நீ எழுதியதைத் திரும்பப் படித்துப் பார். வாரத்துக்கு மூன்று தடவை என்றால் ஏறக்குறைய இருபது ஓட்டம். ஒவ்வொன்றிலும் எத்தனை கேட்? கேட் பக்கத்தில் எத்தனை பேர் சைக்கிளோடு நிற்கிறார்கள்? அவர்களுக்கெல்லாம் உன் மனப்பாடத்தைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. சிக்னல் ஒவ்வொரு நாளும் வேறு வேறு நிறம், அதை யாரால் மனப்பாடம் செய்ய முடியும்?

அந்த அம்மா கழுகுக் கண் என்கிறாய். அவருக்கு ஒரு நிமிஷம் தும்மல் வந்தால்? இரண்டு பேர் எதற்கு என்று சட்டம் வைத்தவர்களுக்குத் தெரியாதா? நீ பிப்ரவரியில் எனக்குச் செய்ததைத்தான் அவருக்குத் தினமும் செய்கிறாய். அடுத்தவர் சொன்னதைப் பார்த்த மாதிரி திருப்பிச் சொல்கிறாய். என் தாளில் தப்பு இருந்ததே, அண்ணா. நீ நம்பிய கணக்கில் ஆறு நொடி தப்பு இருந்தது. அங்கே ஒரு குறுங்கோள் கோணலானது, அவ்வளவுதான். உன் வண்டியில் ஆறு நொடி என்றால் என்ன என்று உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்ஜின் ஷெட்டுக்குப் போய் நீயே சொல். 30ஆம் தேதிக்குள் சொல்லாவிட்டால் நான் எழுதிவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பாசம் இருந்தால் என்று எழுதினாயே, அதனால்தான்.

தங்கை

*

மார்ச் 26

எழுதிப் பார்.

உன்னை நம்பிச் சொன்னேன். அதை எடுத்து என் கழுத்துக்கே கொண்டுவருகிறாய். நாற்காலியில் உட்கார்ந்து தாளில் உலகத்தைச் சுற்றுகிறவளுக்கு இன்ஜின் என்றால் என்ன தெரியும்? முப்பது வருஷத்தில் ஒரு நாய்கூட என் வண்டியில் அடிபட்டதில்லை.

நாளை மறுநாள் வண்டி இருக்கிறது. எடுக்கத்தான் போகிறேன். 31 அன்றும் எடுப்பேன்.

நீ அந்தக் கடிதத்தைப் போட்டால் எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை. யோசித்துச் செய்.

*

மார்ச் 30

அண்ணா,

யோசித்தேன். நான்கு நாள் அதைத் தவிர வேறு எதுவும் யோசிக்கவில்லை. மேஜை மேல் கணக்குத் தாள் இருக்கும், ஒரு எண்ணும் மண்டையில் ஏறாது.

28ஆம் தேதி பகல் முழுக்க வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். ரயில் என்ற சொல் வந்தாலே ஒலியைக் கூட்டினேன். சாயங்காலம் அண்ணியைக் கூப்பிட்டேன். "வந்துட்டாங்க, குளிக்கிறாங்க" என்றார். போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன். இன்னொரு நாள் அப்படி என்னால் இருக்க முடியாது.

இன்று காலை கட்டுரையை அனுப்பிவிட்டேன். உன் நேரம் அதில் இல்லை. மருந்துக்கடைக்காரர் நேரம் இருக்கிறது, அவர் பெயரும் இருக்கிறது. ஒருவர் பார்த்ததை மட்டும் வைத்து உருவம் சொல்ல முடியாது, இவ்வளவுக்குக் குறையாத அகலம் என்று மட்டும்தான் சொல்லலாம். சின்னக் கட்டுரை. தலைவர் முகம் சுளித்தார். வேலை நிரந்தரமாவது இந்த வருஷம் நடக்காது. மருந்துக்கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க, நட்சத்திரத்தைப் பார்த்தாச்சு இல்ல" என்றார்.

அதே தபால் பெட்டியில் உன் ஷெட் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தையும் போட்டேன். உன் கண்ணைப் பற்றி இரண்டு பத்தி. கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. மறைத்து ஒன்றும் எழுதவுமில்லை. போடும்போது கை பெட்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது. பின்னால் நின்றவர், "போட்டாச்சாம்மா?" என்று கேட்டார். போட்டுவிட்டேன்.

நீ இல்லை என்று சொன்னாலும் உனக்குத் தங்கை நான் ஒருத்திதான்.

*

ஏப்ரல் 6

வாலு,

இந்தக் கடிதத்தில் எழுத்து பெரிதாகவும் வரி கோணலாகவும் இருக்கும். இதுவரை அடிமட்டம் வைத்து ஏமாற்றி எழுதினேன். இனி அந்த வேலை இல்லை.

31ஆம் தேதி வண்டி எடுத்தேன். உன் கடிதம் அப்போது வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் எடுத்திருப்பேன், அந்தக் கோபத்தில் இருந்தேன். நாற்பத்திரண்டு பெட்டியும் நிறையக் கோதுமை. வழியில் ஒன்றும் நடக்கவில்லை. துறைமுக யார்டுக்குள் நுழையும்போது மணி பதினொன்று, நல்ல வெயில். வேகம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. துணை ஓட்டுநர் அம்மா, "பச்சை" என்றார். நான், "பச்சை" என்றேன்.

உடனே அவர் பிரேக்கைப் பிடித்துவிட்டார். நாற்பத்திரண்டு பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக் குலுங்கி நின்றது. சிக்னல் இன்னும் தூரத்தில் இருந்தது. நான், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றேன். அவர் சிக்னலைக் கை காட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பு சார்" என்றார்.

"நீங்கதானே பச்சைன்னு சொன்னீங்க?"

"ஆமா. வேணும்னுதான் சொன்னேன். ரெண்டு மாசமா நீங்க முதல்ல சொல்றதே இல்லை. எனக்குச் சந்தேகம். பிரேக்ல கையை வெச்சுக்கிட்டுதான் சொன்னேன். நீங்க இல்லைன்னு சொல்லணும், என்னைத் திட்டணும்னு சாமியை வேண்டிக்கிட்டேன். நீங்க திட்டலை."

பிரேக்கிலிருந்து அவர் இன்னும் கையை எடுக்கவில்லை. "பதினொரு வருஷம் உங்களை நம்பி இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன் சார்" என்றார். வேறு எதுவும் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பார்ப்பதை நான் நம்பினேன் என்று உனக்கு எழுதினேனே, அவர் என்னை நம்பிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை உறைக்கவே இல்லை. தூரத்தில் அந்தச் சிவப்பைக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். நேரே பார்த்தால் கம்பமே இல்லை.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். இரண்டு பெண்கள் ஒரே வாரத்தில் ஒரே கேள்வி.

மறுநாள் காலையில் ஷெட் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். அந்த அம்மா சோதனை செய்ததை மட்டும் சொல்லவில்லை, அவருக்கு வம்பு வரும் என்று. அவரே வந்து தன் பங்கைச் சொல்லிவிட்டார். என்னைச் சுற்றி இருக்கும் பெண்கள் யாருக்கும் மறைக்கத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் மருத்துவச் சீட்டு வாங்க மறுபடி போனேன். அதிகாரி மேஜையில் உன் கடிதம் பிரித்துக் கிடந்தது. "உங்க தங்கச்சி எழுதியிருக்காங்க. பாவம், நீங்களே வந்து சொல்லிட்டீங்க, இது தேவையே இல்லாம போச்சு" என்றார். நானே வந்தேன் என்று ஷெட் முழுக்கப் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்குக் கூசுகிறது. "இல்லை சார், தேவைதான். அந்தம்மா பிரேக் பிடிக்கலேன்னா இதுதான் என்னை நிறுத்தியிருக்கும்" என்றேன். அவர் மடித்து என் கோப்பில் வைத்துவிட்டார். அது அங்கேயே இருக்கட்டும்.

டாக்டர் வலது கண் திரும்பாது என்கிறார். இடது கண்ணை இன்னும் மோசமாகாமல் பிடித்து வைக்கலாமாம், ஊசி போட வேண்டும். கண்ணிலேயே. அண்ணி அதைக் கேட்டு மயக்கம் போடப் பார்த்தாள். அவளுக்கு என் மேல் உன்னைவிடக் கோபம். நல்லவேளை, தினமும் மூன்று வேளை திட்டுகிறாள், வீடு கலகலப்பாக இருக்கிறது. டிக்கெட் ஆபீஸிலோ வேறு எங்கோ உட்கார வைப்பார்களாம். அது பிறகு.

நீ செய்தது சரி. ஆனால் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கிறது, என்ன செய்ய? நேரில் வந்தால் முதலில் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன், கண்டுகொள்ளாதே.

இதோடு பிப்ரவரி 11ஆம் தேதி அறிக்கையைத் திருத்தி வைத்திருக்கிறேன். "மறைந்த நேரம்" என்ற இடத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். "திரும்பத் தோன்றிய நேரம்" என்ற இடத்திலும் அதுதான். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை இரண்டு தடவை எழுத எனக்குக் காலை முழுக்க ஆயிற்று.

வெள்ளிக்கிழமை வா. ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போவேன் என்று எதிர்பார்க்காதே. இன்ஜின் சத்தம் கேட்டால் இப்போதைக்கு எனக்குத் தாங்காது. வீட்டுக்கு வழி உனக்குத் தெரியும்.

அண்ணன்